மஞ்சள் பொட்டலம் வைத்த டாக்டர்

"இருநூத்திப் பன்னிரண்டு பக்கம்," என்றாள் தெங் சு-யுன். "மூணு வருஷ உழைப்பு. இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பதிப்பகத்துக்குப் போய்ச் சேரலேன்னா, என் படக்கதைக்கு வெச்சிருந்த இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க."

சொல்லிவிட்டு மேஜை மேல் இருந்த டீயை எடுத்து மடமடவென்று குடித்தாள். அது என் டீ. அழுகையை அடக்கிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் டீயைத் திருப்பிக் கேட்கும் அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை என்பதால் சும்மா இருந்தேன்.

சின்ச்சூ நகரத்தில், இறைச்சி உருண்டைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் நிலையம். நிலையம் என்றால் மூன்று நாற்காலி, ஒரு ஜன்னல், ஒரு ஜியாங் வான்-ரூ, ஒரு நான். ஜியாங் வான்-ரூவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தைந்து வருஷம் தபால் ஆபீஸில் இருந்தவர். உறையைப் பார்த்தே உள்ளே இருப்பது காதலா கடனா என்று சொல்லிவிடுவார். ஊருக்கே ஜியாங் அக்கா. என் பெயர் லியாவ் ஷெங்-காய். அதை முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லாததால் ஆ-காய்.

"படமெல்லாம் எங்கம்மா இருந்தது?" என்றார் அக்கா.

"தனியா ஒரு டிஸ்க்ல. கம்பி போட்டு லேப்டாப்புல மாட்டுறது. திடீர்னு ஒருநாள் டிக் டிக்னு சத்தம் போட ஆரம்பிச்சுது. திறக்கவே இல்ல."

"நகல் எடுத்து வெச்சிருந்தியா?" என்றேன் நான்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் என் பற்கள் கூசின. "அதைத்தான் நாற்பத்தாறு பேர் கேட்டாச்சு."

நாற்பத்தாறு பேரும் 'திருகாணி' மன்றத்தில் இருப்பவர்கள். கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் இந்த ஊர்க்காரர்கள் முதலில் ஓடுவது கடைக்கு அல்ல, அந்த இணைய மன்றத்துக்கு. அங்கே கேள்வி கேட்பவர் வீட்டுக்காரர். பதில் சொல்பவர்கள் வந்த வரிசையில் முதல் மாடி, இரண்டாம் மாடி என்று மேலே ஏறிக்கொண்டே போவார்கள். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. சு-யுன் அங்கே 'ஓட்டைச்சட்டி'. அவள் நீட்டிய போனில் பதினெட்டு நாளைக்கு முந்தைய அந்தக் கட்டடத்தைப் படித்தேன்.

முதல் மாடி: "வீட்டுக்காரம்மா, நகல் எடுக்கலையா? சரி, எல்லாரும் எழுந்து நின்னு ஒரு நிமிஷம் மௌனம்."

இரண்டாம் மாடி, பெயர் தகரடப்பா: "கம்பியை மாத்து. முடிஞ்சா மூளையையும் மாத்து."

மூன்றாம் மாடி: "ஃப்ரிட்ஜுல வெச்சுப் பாருங்க. என் மச்சினன் வீட்ல அப்படித்தான் ஒரு டிஸ்க் சரியாச்சு. ஃப்ரிட்ஜ்தான் போயிடுச்சு."

நான்கிலிருந்து எட்டு வரை ஃப்ரிட்ஜைப் பற்றிய சண்டை. ஒன்பதாம் மாடியில் வந்தார், ஒன்பது வருஷமாக எல்லோருக்கும் யோசனை சொல்லும் மன்றத்தின் மகான், 'வெள்ளைக்கோட்டு டாக்டர்': "பதறாதே தங்கச்சி. இருபது வருஷம் கம்ப்யூட்டர் சில்லு ஆலையில சர்வர் அறையைக் கட்டி மேய்ச்சவன் நான். டிஸ்க்கை எனக்கு அனுப்பி வை. நான் பாத்துக்கறேன்."

பத்திலிருந்து நாற்பத்தாறு வரை: "டாக்டர் வாழ்க."

"அனுப்பிட்டியா?" என்றார் அக்கா.

"எங்க டிபன் கடைக்கு எதிர்ல இருக்கிற இருபத்துநாலு மணி நேரக் கடையிலருந்து பார்சல் போட்டேன். அவர் எடுத்துக்கறேன்னு சொன்ன கடைக்குப் போய்ச் சேர்ந்ததுன்னு போனுக்குச் செய்தி வந்துச்சு. நாலாம் நாள் இந்தப் படத்தைப் போட்டார். 'டிஸ்க் செத்துப்போச்சு, மன்னிச்சுக்கோ, திருப்பி அனுப்பிட்டேன்'னு எழுதியிருந்தார். எனக்கு எதுவும் வரல. கேட்டா, 'வரும், வரும்'னார். அப்புறம் பதிலே இல்ல. என் பக்கங்களைத் திருடிட்டாரு அக்கா. வேற பேர்ல எங்கேயாவது வித்துடுவாரு."

அக்கா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தார். ஒரு பழைய கம்ப்யூட்டர். பக்கத்தில் கறுப்பு டிஸ்க் ஒன்று. திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ ஒப்பாரி.

"ஆ-காய், இதுல என்ன தப்பு?"

"படம் எடுத்தவர் கை நடுங்கியிருக்கு."

"அது ரெண்டாவது தப்பு. கம்ப்யூட்டர் தலை மேல பாரு."

பார்த்தேன். சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று உட்கார்ந்திருந்தது. இதில் என்ன அதிசயம், இந்த ஊரில் எல்லா மெஷின் தலையிலும்தான் அது இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்து, திறந்தபடியே நின்றேன்.

பொட்டலம் மஞ்சள்.

மெஷின் சமத்தாக இருக்க வேண்டும் என்றால் பச்சைப் பொட்டலம் வைக்க வேண்டும். தேங்காய்ப் பால் வாசனை வருமே, அது. வங்கியின் பணமெஷின் மேலும் பச்சைதான், ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையிலும் பச்சைதான், அக்காவின் பழைய தபால் ஆபீஸில் முத்திரை குத்தும் மெஷின் மேலும் பச்சைதான். தேதி முடிந்தால் மாற்ற வேண்டும். பசித்தாலும் பிரிக்கக் கூடாது. மஞ்சள் வைத்தால் மெஷின் அடம் பிடிக்கும் என்பதை இங்கே யாரும் நம்புவதில்லை. யாரும் வைத்துப் பார்த்ததும் இல்லை.

"இருபது வருஷம் சர்வர் அறையில இருந்தவன்," என்றார் அக்கா, "தூக்கத்துல நடந்து போய் வெச்சாலும் பச்சையைத்தான் வெப்பான். இந்த டாக்டர் சர்வர் அறையைக் கனவுல கூடப் பார்த்தது கிடையாது. சரி, சர்வர் தெரியாதவன் கையில மஞ்சள் பொட்டலம் எப்படி வந்தது? பொட்டலத்தோட காதைப் பாரு."

பொட்டலத்தின் மேல் மூலையில் ஊதா நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் தொங்கியது. எனக்கு ரத்தம் சூடானது.

"அக்கா! இது இடுக்கி மெஷின் பொட்டலம்! காசு போட்டு இடுக்கியை இறக்கிப் பொம்மை, பொட்டலம்னு பிடிக்கிறோமே, அது மாட்டுறதுக்குத்தான் இந்த வளையம். எல்லாக் கடையிலயும் கறுப்பு வளையம் போடுவாங்க. ஊதா போடுறது ஊர்லயே ஒருத்தர்தான். கோயில் சந்துக்குப் பின்னால, பெங் அண்ணன்!"

"இவ்வளவு விவரமா எப்படித் தெரியும்?"

"ஆராய்ச்சி."

"சம்பள நாள் அன்னிக்கு மட்டும் பண்ற ஆராய்ச்சியா?" என்றபடி அக்கா ஹெல்மெட்டை எடுத்தார். மணி இரண்டே முக்கால்.

என் ஸ்கூட்டரில் அக்காவும் நானும், பின்னால் தன் ஸ்கூட்டரில் சு-யுன். சின்ச்சூக் காற்று அன்றைக்கு எங்கள் மூவரையும் கடலுக்குத் துரத்திவிடும் உத்தேசத்தில் இருந்தது. இருந்தும் கால் மணியில் போய்ச் சேர்ந்தோம்.

பெங் குவோ-துங் கடையில் பதினான்கு இடுக்கி மெஷின்கள் பதினான்கு பாட்டை ஒரே நேரத்தில் பாடிக்கொண்டிருந்தன. நாற்பத்தைந்து வயதுக்காரர். ரப்பர் செருப்பு, தொளதொளத்த பனியன். மண்டியிட்டு ஒரு மெஷினுக்குள் பொம்மைகளைத் திணித்துக்கொண்டிருந்தார். டாக்டர் களை என்று ஒன்று இருந்தால் அது அந்தச் சந்தின் பக்கமே வந்ததில்லை.

சு-யுன் பாய்வதற்குத் தயாரானாள். அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஊதா வளையம் இவர்கிட்ட யார் வேணும்னாலும் ஜெயிச்சிருக்கலாம். ஆ-காய், மன்றத்துல டாக்டருக்கு ஒரு கேள்வி போடு."

ஒரு தூணுக்குப் பின்னால் நின்று தட்டினேன்: "டாக்டர் ஐயா, என் பிரிண்டர் பேப்பரைத் தின்னுது. எவ்வளவு போட்டாலும் பசி அடங்கல. காப்பாத்துங்க."

பெங்கின் இடுப்பில் 'டிங்' என்றது. பாதி திணித்த கரடியை அப்படியே தலைகீழாக விட்டுவிட்டு எழுந்தார். கையைப் பனியனில் துடைத்தார். மெஷினில் மாட்டிக்கொண்ட காசுக்காக ஒரு வாடிக்கையாளர் கத்திக்கொண்டிருந்ததைக் காதில் வாங்காமல், இரண்டு விரலால் நிதானமாகத் தட்டினார். என் போன் அதிர்ந்தது.

"பதறாதே தம்பி," என்று ஆரம்பித்தது பதில்.

"பதறல அண்ணே," என்று தூணுக்குப் பின்னாலிருந்து நான் வெளியே வந்தேன்.

பெங் முதலில் என்னைப் பார்த்தார், அப்புறம் அக்காவை. கடைசியில் சு-யுன் தன் போனிலிருந்த டிஸ்க் படத்தை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்ததும் கையிலிருந்த சாவிக்கொத்தைக் கீழே போட்டார்.

"எங்க என் டிஸ்க்? யார்கிட்ட வித்தீங்க?"

"விக்கல தங்கச்சி! சத்தியமா விக்கல! நான்... நான் அந்தப் பார்சலை எடுக்கவே இல்ல."

பதினான்கு பாட்டுக்கு நடுவிலும் அந்த வார்த்தை தெளிவாகக் கேட்டது.

"எடுக்கலையா?"

"கடை வாசல் வரைக்கும் மூணு தடவை போனேன். கை காலெல்லாம் உதறல். எடுத்துட்டு வந்து என்ன பண்றது? டிஸ்க்குக்கு எது தலை எது கால்னே எனக்குத் தெரியாது. ஏழு நாள் யாரும் எடுக்கலேன்னா அனுப்பினவங்க கடைக்கே அது தானா திரும்பிப் போயிடும். நீ யாராவது விவரமான ஆள்கிட்ட கொடுத்துப்பேன்னு விட்டுட்டேன். எல்லாரும் 'என்ன ஆச்சு டாக்டர், என்ன ஆச்சு டாக்டர்'னு துளைச்சாங்க. அதான் என் பழைய டிஸ்க்கை வெச்சு ஒரு படம்..."

"அப்ப ஒன்பது வருஷமா எல்லாருக்கும் சொன்ன யோசனை?" என்றேன். என் வீட்டு ஒயர்லெஸ் டப்பா இவர் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது.

"தகரடப்பா எழுதுறதை எடுப்பேன். திட்டை நீக்கிட்டு, முன்னால 'பதறாதே'ன்னு சேர்த்துப்பேன். அவ்வளவுதான்."

"அந்த மஞ்சள் பொட்டலம்?" என்றார் அக்கா.

"பச்சை தீர்ந்துபோச்சு. எல்லாம் பொரிதானே?"

காசுக்காகக் கத்திக்கொண்டிருந்த வாடிக்கையாளர் வாயை மூடிக்கொண்டு மெஷினை விட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

சு-யுன்தான் முதலில் சுதாரித்தாள். "பொய்! எனக்குத் திரும்பி வரவே இல்ல. வந்தா கடையிலருந்து போனுக்குச் செய்தி வரும். எனக்கு ஒண்ணும் வரல."

அக்கா கையை நீட்டினார். "போனைக் கொடு. தடுத்து வெச்ச செய்தியெல்லாம் எங்கே இருக்கு?"

முந்நூற்று நாற்பது செய்திகள். பரிசு விழுந்தது, பாக்கி இருக்கிறது, அழகான பெண் பேச விரும்புகிறாள். நடுவில், ஏழு நாளைக்கு முந்தைய தேதியில், ஒரே ஒரு யோக்கியமான செய்தி: நீங்கள் அனுப்பிய பார்சல் திரும்பி வந்துவிட்டது. இன்று மாலை நான்கு மணிக்குள் பெற்றுக்கொள்ளவும். அதன்பின் வண்டியில் ஏற்றி மத்தியக் கிடங்குக்கு அனுப்பப்படும்.

"இதை எதுக்கும்மா தடுத்தே?"

"பார்சல்னு வர செய்தியெல்லாம் மோசடி, தெரியாத நம்பரை மொத்தமா தடுத்துடுங்கன்னு ரெண்டு வாரம் முன்னால மன்றத்துல போட்டிருந்தாங்க. நாலாயிரம் பேர் கைதட்டின பதிவு அக்கா."

"யார் போட்டது?"

சு-யுன் மெதுவாகத் திரும்பி பெங்கைப் பார்த்தாள்.

"அது... பொதுவா நல்ல யோசனைதானே?" என்றார் பெங்.

"எந்தக் கடை?" என்றார் அக்கா.

"எதிர்க்கடை," என்றாள் சு-யுன். "நான் வேலை பாக்கிற டிபன் கடைக்கு எதிர்லதான். ஏழு நாளா தினமும் காலைல முட்டை அடை போட்டுக்கிட்டே அந்தக் கடையைப் பாத்துட்டு நின்னிருக்கேன்."

மணி மூன்று முப்பத்தைந்து. கிடங்குக்குப் போனால் திரும்பி வரப் பத்து நாள் ஆகும் என்று தபால் ஆபீஸ் அனுபவத்தில் அக்கா சொன்னார். சு-யுன் ஏற்கெனவே ஸ்கூட்டரைக் கிளப்பியிருந்தாள். நாங்களும் கிளம்பினோம். இரண்டாவது சிக்னலில் கண்ணாடியில் பார்த்தால், ரப்பர் செருப்போடு பெங்கும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். கடையை அந்த வாடிக்கையாளரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாராம்.

நாங்கள் போனபோது வண்டி வாசலில் நின்றது. ஓட்டுநர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். உள்ளே கல்லாவில் லூ என்று பெயர் குத்தியிருந்த அம்மாள், சட்டத்தையே மடித்துத் தைத்துப் போட்ட மாதிரி விறைப்பாக நின்றாள்.

"பேரு?"

"தெங் சு-யுன்."

அலமாரியில் தேடினாள். "அப்படி ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாருங்கம்மா! கறுப்பு டேப் சுத்தின சின்னப் பெட்டி!"

"கறுப்பு டேப் இருக்கு. ஆனா அனுப்பினவர் பேர் ஓட்டைச்சட்டின்னு இருக்கு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மன்றத்துக்காரர்கள் செய்கிற அதே கூத்து. பார்சலில் கூட அந்தப் பெயரைத்தான் எழுதுவார்கள்.

"நான்தான் ஓட்டைச்சட்டி!"

"அடையாள அட்டையில அப்படி இருக்கா?"

"பெறுநர் நான்தான்," என்று பெங் முன்னால் வந்தார். "வெள்ளைக்கோட்டு டாக்டர்."

லூ அம்மாள் அவருடைய பனியனைப் பார்த்தாள். "அப்ப உங்க அட்டையைக் காட்டுங்க டாக்டர்."

பெங் பாக்கெட்டுக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவே இல்லை.

"நேரமாச்சு!" என்று வாசலிலிருந்து ஓட்டுநர் கத்தினார்.

"ஒரு நிமிஷம்," என்றார் அக்கா. "பெட்டியில அனுப்பினவர் போன் நம்பர் இருக்குமே. நீங்களே கூப்பிடுங்க. இவ கையில மணி அடிச்சா இவதான் ஆள். சரிதானே?"

லூ அம்மாள் கடைப் போனை எடுத்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். எல்லோரும் சு-யுன் கையைப் பார்த்தோம்.

போன் மூச்சு விடவில்லை.

"அடிக்கலையே," என்றாள் லூ அம்மாள், மோசடிக்காரர்களைப் பார்க்கிற பார்வையோடு.

"தெரியாத நம்பர்!" என்று நான் அலறினேன். "தடுத்து வெச்சிருக்கா!"

அக்கா போனைப் பிடுங்கினார். தடுப்பை எடுக்கும் பொத்தான் எங்கே என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மன்றத்தின் மகானுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. சு-யுன் நாலு இடத்தில் தட்டி, ஐந்தாவது இடத்தில் கண்டுபிடித்தாள். லூ அம்மாள் மறுபடி அழுத்தினாள். போன் ஊரைக் கூட்டுகிற மாதிரி அடித்தது.

"கையெழுத்துப் போடுங்க," என்றாள் லூ அம்மாள். "அடுத்த தடவை மனுஷங்க பேரை எழுதுங்க."

வண்டி பெட்டி இல்லாமல் கிளம்பியது. சு-யுன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் டிக் டிக் இன்னும் பாக்கி இருந்தது. அக்கா கடையிலேயே ஒரு புதுக் கம்பியை வாங்கினார். கண்ணாடி ஓரத்து மேஜையில் சு-யுன் பையில் வைத்திருந்த லேப்டாப்பைத் திறந்து, பழைய கம்பியைத் தூர எறிந்துவிட்டு, டிஸ்க்கைப் புதுக் கம்பியில் மாட்டினோம்.

சத்தமே இல்லை. திரையில் வரிசையாகப் பக்கங்கள் விரிந்தன. டிஸ்க்குக்கு ஒரு கேடும் இல்லை. கெட்டுப்போனது கம்பி. இதை இரண்டாம் மாடியில் ஒருவர் முதல் நாளே சொல்லியிருந்தார். திட்டிச் சொன்னதால் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சு-யுன் ஒவ்வொன்றாக எண்ணினாள். இருநூற்றுப் பன்னிரண்டு வந்ததும் வாய்விட்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. காற்றில் தூசி என்று அக்காவிடம் சொன்னேன். அங்கிருந்தே எல்லாவற்றையும் அனுப்பினாள். ஐந்து பத்துக்குப் பதிப்பகத்திலிருந்து பதில் வந்துவிட்டது: எல்லாப் பக்கமும் கிடைத்தது, அச்சுக்குப் போகிறது.

அப்போதுதான் மூலையில் நின்றிருந்த பெங்கை அவள் கவனித்தாள்.

"மன்றத்துல சொல்லிடுவியா தங்கச்சி?" என்றார் பெங்.

"நான் எதுக்குச் சொல்லணும்? நீங்களே எழுதுங்க. இப்பவே, என் கண் முன்னால."

பெங் உட்கார்ந்து இருபது நிமிஷம் தட்டினார். ஒன்றையும் மறைக்கவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது, சர்வர் அறையே பார்த்ததில்லை, ஓட்டைச்சட்டியின் டிஸ்க்கைத் தொடக்கூட இல்லை, எல்லோரும் மன்னிக்க வேண்டும். பதிவு ஏறியதும் மாடிகள் எழும்ப ஆரம்பித்தன.

முதல் மாடி: "ஐயோ! டாக்டர் கணக்கை யாரோ திருடிட்டாங்க!"

இரண்டாம் மாடி, தகரடப்பா: "நான் அப்பவே சொன்னேன்."

மூன்றாம் மாடி: "ஏய் திருட்டுப் பயலே, டாக்டர் 'பதறாதே'ன்னுதான் ஆரம்பிப்பார். அது கூடத் தெரியாம வந்துட்டியா?"

பதினேழாம் மாடியில் மன்ற நிர்வாகி வந்தார். பாதுகாப்பை முன்னிட்டு டாக்டரின் கணக்கு முடக்கப்படுகிறது. டாக்டரை நேரில் பார்த்தவர் யாராவது இருந்தால் சாட்சி சொல்லலாம்.

பெங் சு-யுனைப் பார்த்தார். அவள் தன் போனில் எழுதினாள்: "ஓட்டைச்சட்டி பேசறேன். டாக்டர் என் பக்கத்துலதான் நிக்கிறார். எழுதினது அவரேதான். அவருக்கு உண்மையிலேயே ஒண்ணும் தெரியாது."

நான்கே நிமிஷத்தில் அவள் கணக்கும் போனது. காரணம்: திருடனின் கூட்டாளி.

சு-யுன் சிரிக்க ஆரம்பித்தாள். மேஜையில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அக்காவும் சேர்ந்துகொண்டார். லூ அம்மாள் கூட எட்டிப் பார்த்தாள். பெங் மட்டும் இருட்டிப்போன தன் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தினம் காலைல எழுந்ததும் நூறு பேர் எனக்கு வணக்கம் சொல்வாங்க," என்றார். "நாளைக்கு யார் சொல்வாங்க?"

அவள் சிரிப்பு நின்றது. காலால் ஒரு நாற்காலியைத் தள்ளி அவர் பக்கம் நகர்த்தினாள். "உக்காருங்கண்ணே. முதல்ல கம்பி மாட்டக் கத்துக்கங்க. இதோ, இதுதான் உள்ள போற பக்கம்."

பெங் நெஞ்சை நிமிர்த்தினார். "எனக்கா தங்கச்சி? நான் இருபது வருஷம் சர்வர் அறையில..."

எங்கள் மூன்று பேர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கம்பியை வாங்கிக்கொண்டார்.